ஸ்டிக்கரை நம்பாதே, லாக் நட்டையும் முழுசாக நம்பாதே

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. ஒரு காரணம் செமஸ்டர் பரீட்சை. இன்னொரு காரணம் ஒரு பழைய சைக்கிள். பரீட்சையைப் பற்றி எழுதினால் அழுகைதான் வரும், அதனால் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மிலானில் நான் குடியிருக்கும் அறையின் சொந்தக்காரர் எண்பதை நெருங்கும் ஒரு அம்மா. எல்லோரையும் போல நானும் அவரை 'சிஞோரா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'ரகாட்ஸோ' என்பார். நம்ம ஊரில் 'ஏ பையா' என்பதற்குச் சமம். அவருடைய கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் ஆளுக்கொரு நிலவறை உண்டு. வைன், பழைய நாற்காலி, கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். போன மாதம் அதைக் காலி செய்ய உதவிக்குக் கூப்பிட்டார். ஒரு மெத்தையை நகர்த்தினால் பின்னால் சுவரில் சாய்ந்தபடி நீல நிறத்தில் ஒரு ரேஸ் சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், தோல் சீட், காற்றில்லாத டியூபுலர் டயர். பெயர் எங்கேயும் இல்லை.

"அது அவருடைய கொல்னாகோ. 1972ல் வாங்கினது. முதல் முதலாகப் பெரிய சம்பளம் வந்தப்போ" என்றார் சிஞோரா.

சின்ன வயதில் வாடகை சைக்கிள் கடையில் பழியாய்க் கிடந்தவன் நான். சும்மா இருப்பேனா? பின் சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் லாக் நட்டைத் துணியால் துடைத்தேன். 'கேம்' என்ற எழுத்துக்கள், பக்கத்தில் 71. அவ்வளவுதான், பத்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். "சிஞோரா, நீங்க சொன்னது சரி. வண்டி 1972தான்." அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடனே மகனுக்கு போன், பேரனுக்கு போன்.

தீர்ப்பு தப்பு. அது எப்படித் தப்பானது என்பதுதான் இந்தப் பதிவு. பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிளுக்கு வயது சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னை மாதிரியே தப்பு செய்கிறார்கள் என்பது என் கருத்து. அவசரத்தில் செய்கிற தப்பு பரவாயில்லை. சிலர் தெரிந்தே செய்கிறார்கள்.

முதலில் உதிரி பாகங்கள். இத்தாலிய ரேஸ் வண்டி என்றால் கேம்பக்னோலோ பேரைச் சொல்லாமல் நகர முடியாது. துலியோ கேம்பக்னோலோ என்பவர் 1933ல் விசென்சாவில் ஆரம்பித்த கம்பெனி. அவர் ஒரு ரேஸ்காரர். பனி கொட்டும் மலையில் விரல் மரத்துப்போய், சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தோற்றாராம். அதிலிருந்து பிறந்ததுதான் ஒரே நெம்பில் சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸ் என்று ஒரு கதை உண்டு. (அந்தக் கதை அப்படியே நடந்ததா என்று இப்போது சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. கதை நன்றாயிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.) நமக்கு வேண்டியது வேறு. இந்தக் கம்பெனி தன் சாமான்கள் பலவற்றில் வருடத்தைப் பொறித்து வைத்தது.

ஹப்பின் லாக் நட்டில் இரண்டு இலக்க வருடம் இருக்கும். பின்னால் செயினைத் தள்ளி கியர் மாற்றும் டிரெய்லியரில் 'பேடண்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 71, 74, 78 என்று எழுபதுகளின் வருடங்கள் இருக்கும். எண் இல்லாமல் 'பேடண்ட்' மட்டும் இருந்தால் அது அதற்கும் முந்தையது. பெடல் மாட்டும் க்ராங்கின் பின்பக்கம் சின்னதாக ஒரு டைமண்ட் கட்டம், உள்ளே ஒரு எண்: அது எழுபதுகள். டைமண்டுக்குப் பதிலாக வட்டம் என்றால் எண்பதுகளின் முதல் பாதி. ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் 1973க்கு முந்தையது. பெயரை வைத்தும் கொஞ்சம் பிடிக்கலாம். 'ரெக்கார்ட்' 1963, 'நுவோவோ ரெக்கார்ட்' 1967, அதற்குப் பிறகு 1970களின் நடுவில் 'சூப்பர் ரெக்கார்ட்'. பிரேக் 1968 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் கேம்பக்னோலோ சாமான் பூட்டிய வண்டிகளில்கூட பிரேக் மட்டும் வேறு கம்பெனியுடையதாக இருக்கும், யூனிவர்சல் மாதிரி.

நம் நீல வண்டியில் டிரெய்லியர் 71. இரண்டு ஹப்பும் 71. க்ராங்கின் பின்னால் ஒன்றுமில்லை. எல்லாமே ஒரே குரலில் 1972 என்று சொல்கின்றன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேண்டும் சார். இதெல்லாம் அந்தந்தச் சாமானின் வயதைத்தான் சொல்கிறது. வண்டியின் வயதைச் சொல்லவில்லை.

ரேஸ் சைக்கிள் என்பது பூஜை அறையில் வைக்கிற பொருள் இல்லை. ரிம் நசுங்கும், செயின் தேயும், ஃப்ரீவீல் பல் போகும். ஒரு பாகம்கூட மாற்றாத ரேஸ் சைக்கிள் என்று யாராவது காட்டினால் அது ஓட்டாமல் வைத்த வண்டி என்று அர்த்தம். சேகரிப்பவர்களுக்கு 'ஒரிஜினல்' என்ற சொல்லின் மேல் இருக்கும் மோகம் எனக்குப் புரிவதே இல்லை. சரி, அது வேறு சண்டை.

அதனால் வயதை ஃபிரேமிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பெருமை பேச ஆள் கிடைக்குமா என்று பேட்டையில் இருக்கிற பழைய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஹப்பைப் பார்க்கவே இல்லை. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சு ஓடும் குழலின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "உன் தேதியை எழுபத்திரண்டிலிருந்து பத்து வருஷம் முன்னால தள்ளு" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவர் என்ன பார்த்தார் என்று சொல்கிறேன். கியர் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார். எழுபதுகளில் பெரும்பாலான ரேஸ் வண்டிகளில் அந்த ஒயர் பெடல் அச்சுக் குழலுக்கு மேல் பக்கமாகப் போகும். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து, எண்பதுகளில் அது அடிப்பக்கம் இறங்கியது. நம் நீல வண்டியில் ஒயர் அடியில் போகிறது.

அதற்குப் பிறகு எனக்கே கண் திறந்துகொண்டது. ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டில் கூண்டை மாட்ட ஃபிரேமிலேயே இரண்டு ஜோடி திருகுத் துளைகள். 1972ல் வந்த வண்டி என்றால் பட்டை போட்டுத்தான் கூண்டைக் கட்டியிருப்பார்கள். நடு எழுபதுகளில் ஒரு ஜோடி வந்தது, இரண்டு ஜோடி என்பது எண்பதுகளின் பழக்கம். மேல் குழலில் பிரேக் ஒயரைப் பிடிக்கும் வளையங்கள் பற்றவைக்கப்பட்டிருந்தன. முன்பெல்லாம் மூன்று குரோம் கிளிப் போட்டுப் பிடிப்பார்கள். கியர் லீவர் பழசு, ஆனால் அது உட்கார்ந்திருக்கிற முளை ஃபிரேமோடு பற்றவைத்தது. லீவர் வந்த காலத்தில் அதைப் பட்டையால்தான் இறுக்குவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி பின் பிரேக். பழைய பிரேக்கின் போல்ட் நீளமாக இருக்கும், பின்னால் வெளியே சாதாரண நட். பிறகு வந்த ஃபிரேம்களில் அந்தத் துளையின் பின்பக்கம் அகலமாக இருக்கும், நட் உள்ளே புதைந்து உட்காரும். இந்த வண்டியில் துளை அகலம், ஆனால் பிரேக் பழசு. அதனால் அகலத் துளையை மூட ஒரு வாஷரைக் கையால் அரத்தில் தேய்த்து அளவாகப் பொருத்தியிருந்தார்கள். தேய்த்த கோடு இன்னும் தெரிகிறது. பின் சக்கரமும் அதே கதை. ஐந்து கியர் காலத்தில் பின் ஃபோர்க்கின் உள் அகலம் 120 மி.மீ. ஆறு, ஏழு கியர் வந்தபோது 126. எட்டு வந்தபோது 130. நம் வண்டியின் ஃபிரேம் 126, ஆனால் ஹப் 120. இரண்டு பக்கமும் லாக் நட்டுக்கு அடியில் வாஷர் போட்டு ஆறு மி.மீ.யை நிரப்பியிருந்தார்கள். முதல் நாள் அந்த லாக் நட்டைத் துடைத்தபோது வாஷர்கள் என் விரலில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. நான்தான் எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து ஃபிரேமின் வயதையும் சொல்லக்கூடாது. 120 அகல ஃபிரேமை நெம்பி 126 ஆக்குவது சகஜம். பாட்டில் துளைகளைப் பின்னால் பற்றவைத்திருக்கலாம். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு வேகத்தில் மாறியது. சில பட்டறைகள் ஊரெல்லாம் மாறின பிறகும் தாத்தா வழியிலேயே செய்துகொண்டிருந்தன. ஆனால் ஒயர் வழி, பாட்டில் துளை, லீவர் முளை, பிரேக் துளை, பின் அகலம் என ஐந்தும் ஒரே பக்கம் கை காட்டினால் அப்புறம் வாதாட ஒன்றுமில்லை. நீல ஃபிரேம் எண்பதுகளின் முதல் பாதி. அதன் மேல் பூட்டியிருக்கும் சாமான்கள் 1971, 72.

"அட, இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஃபிரேம் நம்பரைப் பார்த்தால் போதாதா?" என்று இதைப் படிக்கும் வகுப்பு நண்பன் கேட்பான். (நீதான்டா, கடைசி பெஞ்ச்.) நம்மில் பலருக்கு நம்பர் என்பது ஜாதகம் மாதிரி. நம்பரைச் சொன்னால் பிறந்த தேதி, நட்சத்திரம் எல்லாம் வந்து விழும் என்று நினைப்பு. பெரிய தொழிற்சாலை வண்டிகளுக்கு ஓரளவு அது சரி. இத்தாலியின் சின்னப் பட்டறைகளில் நம்பருக்கு ஒரே முறை கிடையாது. சிலர் வரிசை எண் போட்டார்கள், பலர் போடவே இல்லை. பெடல் அச்சுக் குழலில் 56 என்று பொறித்திருந்தால் அது 1956 இல்லை, ஃபிரேமின் உயரம் 56 செ.மீ. 1956 என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. நம் நீல வண்டியிலும் 56 தான் இருக்கிறது, வேறொன்றுமில்லை.

அடுத்து பெயர். எந்தக் கம்பெனி, எந்த மாடல்? இங்கேதான் ஸ்டிக்கர் வருகிறது.

பழைய சைக்கிளில் நம்பத் தகுந்த சாட்சிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் ஸ்டிக்கரைக் கடைசியில் போடுவேன். அதற்கும் முன்னால் வண்டி வைத்திருந்தவரின் நினைவைப் போடுவேன். எல்லா பெரிய பெயர்களுக்கும் புது ஸ்டிக்கர் செட் விற்கிறது, வருடவாரியாக. வெறும் ஃபிரேம் ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, ஒரு செட் ஒட்டினால் சனிக்கிழமை பிறந்த குழந்தைக்கு ஐம்பது வயது ஆகிவிடும். அந்தக் காலத்திலேயே பெயரும் கையும் வேறாக இருந்தது இன்னொரு பக்கம். எடி மெர்க்ஸ் மோல்தேனி அணியில் ஓட்டிய வண்டிகளை முதலில் செய்தவர் எர்னெஸ்டோ கொல்னாகோ, பிறகு செய்தவர் உகோ டி ரோசா. மேலே எழுதியிருக்கும் பெயரை வைத்து யார் கை என்று எப்போதும் சொல்ல முடியாது. பெரிய ஓட்டக்காரருக்கே அப்படி என்றால் உள்ளூர்க் கிளப்பில் ஓட்டியவரின் வண்டிக்கு?

பெயரை ஃபிரேம் தானே சொல்கிற நேரமும் உண்டு. லெஞானோ என்ற பழைய கம்பெனியின் வண்டியில் சீட் பாரை இறுக்கும் போல்ட் பின்பக்கம் இருக்காது, முன்பக்கம் மேல் குழல் சேரும் இடத்தில் இருக்கும். பெயின்ட் முழுக்கப் போனாலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கொல்னாகோ என்றால் சீட்டுக்கட்டின் க்ளாவர். மிக்கேலே தான்செல்லி 1970ல் மிலான் - சான்ரெமோ ஜெயித்த பிறகு வந்த சின்னம் அது. எழுபதுகளின் பல கொல்னாகோ ஃபிரேம்களில் பெடல் அச்சுக் குழலின் அடியிலும், குழல்கள் சேரும் லக்குகளிலும் அந்த க்ளாவரைத் தகட்டிலேயே வெட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் உரிந்தாலும் அது போகாது. நான் டார்ச் அடித்து நீல வண்டியை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு இலைகூட இல்லை.

வேறு என்ன சொல்ல முடியும்? பெடல் அச்சுக் குழலின் அகலம் 70 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே திசை மரை: இது இத்தாலிய அளவு. (ஆங்கில அளவு என்றால் 68, அதில் செயின் பக்கம் இடது மரை. இதைத் தெரியாமல் கழற்றப் போய் மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம்.) சீட் பார் 27.2 மி.மீ. குழலின் சுவர் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு தடிமனான சீட் பார் உள்ளே போகும். 27.2 என்றால் நல்ல லேசான குழல், விலை குறைந்த வண்டிகளில் இது குறைந்துகொண்டே போகும். முன் ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டுக்குள் அடியிலிருந்து பார்த்தால், துப்பாக்கிக் குழாய் மாதிரி சுற்றிச் செல்லும் ஐந்து மேடுகள். அது மிலானின் கொலம்பஸ் கம்பெனி எஸ்.எல்., எஸ்.பி. குழல்களில் போட்ட கையெழுத்து. தண்டின் வெளியே அவர்களுடைய புறா முத்திரையும் மங்கலாக இருக்கிறது. (கொலோம்போ என்பது முதலாளியின் பெயர், கொலோம்பா என்றால் புறா.) ஆக இது மட்டமான வண்டி இல்லை. ரேஸுக்கென்றே, நல்ல குழலில், தெரிந்த கை செய்த ஃபிரேம். மாடல்? கொல்னாகோ 'சூப்பர்', மாசி 'கிரான் கிரிதேரியம்', சினெல்லி 'சூப்பர்கோர்ஸா' என்றெல்லாம் பெயர் சொல்ல ஆசைதான். ஆனால் இந்த வண்டிக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததாகவே தெரியவில்லை.

இப்போது சிஞோராவிடம் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அவர் அதற்குள் வண்டியை ஹாலுக்குக் கொண்டுவரச் சொல்லி, டயர் தரையில் படாமல் ஒரு போர்வை விரித்து நிறுத்தியிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் "ரகாட்ஸோ பார்த்துச் சொல்லிட்டான், எழுபத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வியர்த்து விறுவிறுத்து, என் அரைகுறை இத்தாலியனில், சாமான்கள் 1972, ஆனால் ஃபிரேம் பத்து வருடம் பிந்தியது, கொல்னாகோ என்பதற்கும் அடையாளம் இல்லை, முதலில் சொன்னது என் தப்பு என்று ஒப்பித்தேன். அந்த வாஷரையும் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டார்: "பத்து வருஷம்னா எண்பத்திரண்டா?"

"அந்தப் பக்கம்தான், சிஞோரா."

"நாம உலகக் கோப்பை ஜெயிச்ச வருஷம். அவர் காலில் கட்டோட டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தார். தார்தெல்லி கோல் போட்டப்போ எழுந்திருக்கப் பார்த்து விழுந்தார்."

அந்த வருட வசந்தத்தில் ஒரு காரில் மோதி வண்டியும் காலும் உடைந்ததாம். மாதக்கணக்கில் படுக்கை. இனி சைக்கிள் வேண்டாம் என்று இவர் சண்டை போட்டிருக்கிறார். அவர் கேட்கவில்லை. உடைந்த வண்டியிலிருந்து சாமான்களைக் கழற்றிக் கழுவி, பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் புது ஃபிரேம் செய்யச் சொல்லி, அதே நீலத்தில் பெயின்ட் அடிக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் வைத்துப் பூட்டினாராம். மேஜையில் கிரீஸ் கறை இன்னும் இருக்கிறது என்று மேஜைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். பட்டறைக்காரர் பெயர் ஞாபகமில்லை, அந்தப் பட்டறையும் இப்போது இல்லை. புது வண்டியையும் அவர் பழைய பழக்கத்தில் 'என் கொல்னாகோ' என்றேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அரத்தில் தேய்த்த அந்த வாஷர் யார் கை வேலை என்று இப்போது தெரிந்துவிட்டது.

என் முதல் தீர்ப்பு நின்றிருந்தால் இந்த 1982 அப்படியே காணாமல் போயிருக்கும். சிஞோரா அதை மறந்தேபோயிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால் பேரன் வந்தான். நல்ல பையன், என் வயதுதான். பணம் தேவை. ஒரு கடைக்காரர் அவனிடம் ஆசை காட்டியிருக்கிறார்: நீலத்தைச் சுரண்டிவிட்டு அந்தக் காலத்துச் சிவப்பு அடித்து, ஒரு கொல்னாகோ செட் ஒட்டினால் நல்ல விலை போகும், சாமான்களில்தான் 71 என்று இருக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள்? விற்பனை விளம்பரத்தை என்னை எழுதித்தரச் சொன்னான். விஷயம் தெரிந்தவன் எழுதினால் நம்புவார்களாம்.

இதற்கு இப்போது ஒரு சந்தையே இருக்கிறது. டஸ்கனியில் கையோலே என்ற ஊரில் 1997ல் 'லெரோய்கா' என்று ஒரு சவாரி ஆரம்பித்தது. பழைய வண்டிகளுக்கு மட்டும். 1987க்கு முந்தைய ரேஸ் வண்டியாக இருக்க வேண்டும், கியர் லீவர் கீழ்க்குழலில் இருக்க வேண்டும், பெடலில் கால் பட்டை, பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு வெளியே. முதல் வருடம் நூறு பேர்கூட வரவில்லை, பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அருமையான விஷயம்தான். இந்த விதிகளில் எங்கேயும் பெரிய பெயர் வேண்டும் என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் நீல வண்டி அப்படியே போகலாம். ஆனால் கூட்டம் வந்தால் விலை வரும், விலை வந்தால் ஸ்டிக்கர் வரும்.

நான் மாட்டேன் என்றேன். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "தாத்தாவே கொல்னாகோன்னுதான் சொன்னார். வாங்கறவனுக்கும் அந்தப் பேர்தான் வேணும். யாருக்கு நஷ்டம்?" தாத்தா சொன்னது வீட்டுக்குள், பாசத்தில். விளம்பரத்தில் எழுதினால் அதற்கு விலைச்சீட்டு தொங்குகிறது. வாங்குகிறவன் என்னை மாதிரி ஒரு மாணவனாக, ஒரு வருடச் சேமிப்பைக் கொண்டுவருகிறவனாக இருக்கலாம். பெயின்டைச் சுரண்டினால் இன்னொரு நஷ்டம், அதைத் திருப்பித் தரவே முடியாது. அந்த நீலத்தை மனுஷன் சொல்லி அடிக்க வைத்தார்.

பெயின்டே அடிக்கக்கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். துரு குழலைத் தின்கிறது என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும். ஓட்டப் போகிற வண்டியைப் புண்ணோடு விடுவது பக்தியும் இல்லை. ஆனால் அடிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வையுங்கள், முத்திரைகள் மேல் தடியாகப் பூசாதீர்கள், இல்லாத பெயரை எழுதாதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பேரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிசாலோ மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோமோ ஏரிக்கு மேலே ஒரு சின்ன மாதா கோயில். 1949ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த மாதாவை சைக்கிள்காரர்களின் காவல் தெய்வமாக அறிவித்தார். பக்கத்தில் 2006ல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகமும் உண்டு. கோயிலுக்குள் சுவரெல்லாம் சைக்கிள்கள், ஜெர்சிகள். அதில் ஒன்று ஃபாபியோ காசார்தெல்லியின் வண்டி. 1992 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், இந்தப் பக்கத்துக்காரர், 1995 டூர் டி பிரான்ஸில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். வண்டியை நிமிர்த்தவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை, வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. பேரன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பும்போது ரயிலில் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தான். நானும் வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமை இரவு போன் செய்தான். "சரி, நீ சொல்ற மாதிரியே எழுது. ஆனா சாமான்களைப் பெரிசா எழுது."

எழுதினேன்: 'ரேஸ் சைக்கிள், உயரம் 56. ஃபிரேம் 1982 வாக்கில் மிலானில் செய்தது, செய்தவர் பெயர் தெரியாது, கொலம்பஸ் குழல், இத்தாலிய மரை. கேம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் சாமான்கள் 1971-72, முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துப் பூட்டியவை. பின் பிரேக்கிலும் பின் ஹப்பிலும் கையால் பொருத்திய வாஷர்கள், கழற்றினால் தொலைக்க வேண்டாம்.'

சிஞோராவிடம் படித்துக் காட்டினேன். விலையை எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று கேட்டார், சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். பிறகு இன்னும் இருநூறு யூரோ கூட்டிப் போடச் சொன்னார். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் சிஞோரா என்றேன்.

"தெரியும். போடு" என்றார்.

வண்டி இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. போர்வையை மட்டும் மாற்றியிருக்கிறார். எனக்கு திங்கட்கிழமை இன்னொரு பரீட்சை, ஒரு வரி படிக்கவில்லை. வரட்டா :-)